பிரேக்கைத் தீய்த்தது யார்?

"பொங்கலுக்குப் போட்ட பிரேக் ஷூ சித்திரைக்குள்ள தீய்ஞ்சு போச்சுன்னா, நீ என்ன சரக்குய்யா போட்டே?"

ரகுநாதன் கேட்டது மெக்கானிக் அப்பாவுவைத்தான். ஆனால் அம்பத்தூரில் அந்த ஷெட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாக்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. வீட்டில் உப்பு கேட்டாலும் ஷிப்ட் சங்கு ஊதுகிற மாதிரிதான் கேட்பார்.

அம்பாசடர் பின்சக்கரம் இரண்டும் இல்லாமல் முட்டுக்கட்டை மேல் நின்றது. அப்பாவு குந்தியபடியே, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்துகிற புது ஷூ இரண்டையும் வைத்து, ஸ்பிரிங்கை நெம்பி மாட்டினார். 'டக்.' அதுதான் அவர் சொன்ன பதில்.

ரகுநாதன் விடுவதாக இல்லை. போலிச் சரக்கு என்றார். ஃபாக்டரியில் கார் வைத்திருக்கிற ஒருத்தனும் இனி இந்த ஷெட்டில் கால் வைக்காதபடி பண்ணுகிறேன் என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தரம் சொன்னார்.

அப்பாவு கழற்றிப்போட்ட பழைய ஷூவை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாரு சார். நாலு வீலுக்கும் ஒண்ணாத்தான் போட்டேன். முன்னாடி ரெண்டும் புதுசாட்டம் கீது. பின்னாடிதான் கருகிக் கீது. சரக்கு மோசம்னா நாலும்தானே பூடணும்?"

"அப்ப எப்படிய்யா தீயும்?"

"ஹேண்ட் பிரேக்கு புடிக்கிறது பின்னாடி வீலை மட்டுந்தான் சார். அத்த இஸ்த்து வுட்டுட்டு, எடுக்காமயே யாரோ ரொம்ப தூரம் ஓட்டிக்கினு போயிருக்காங்கோ."

ரகுநாதனின் கழுத்து பீரங்கி மாதிரி மெதுவாகத் திரும்பி, டிரைவர் முனியன் மேல் போய் நின்றது.

திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது தெரியும். கேட் போட்டால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஹாய்யாக உட்காருவோம். ஆவடிக்குப் போகிற கூட்ஸ் வண்டி 'தடக் தடக்' என்று அரை நாள் போகும். கேட்டைத் தூக்கினதும் பின்னாலிருந்து 'பாம் பாம்' என்று ஒரே அமர்க்களம். அந்த அவசரத்தில் எடுக்க மறப்பது சுலபம்.

"சார்..." என்று ஆரம்பித்தார் முனியன்.

"பேசாதே. கண்ணை மூடிக்கிட்டா வண்டி ஓட்டறே? நாளைலேர்ந்து வராதே. சாவியை வை."

முனியன் வீட்டில் பெண்டாட்டி பிள்ளை பெற்று இன்னும் தீட்டுக்கூடக் கழியவில்லை. சாவியை எடுத்து நீட்டினார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரகுநாதனின் மனைவி வரலட்சுமியம்மாள் எழுந்து வந்தார்.

"சாவி அவர்கிட்டயே இருக்கட்டுங்க. ஓட்டினது நான்."

"எதை?"

"காரைத்தான்."

ரகுநாதனின் தொண்டை முதல் தடவையாக வேலை நிறுத்தம் செய்தது.

அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார். ரகுநாதன் ஃபாக்டரிக்குப் போனபிறகு, ஒரு மாதமாகவே காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுகிறாராம். முனியன் மாட்டேன் என்றுதான் சொன்னாராம். இவர்தான் நச்சரித்து, ஐயாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாராம். ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்தது இவராம்.

முனியன் திறந்த வாயை மூடவில்லை. பாவம், குட்டு உடைந்த பயம் என்று நினைத்தார்கள் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்.

ரகுநாதன் மனைவியைப் பார்த்தார். டீக்கடையைப் பார்த்தார். பத்துப் பேரும் அந்த அம்மாளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். மீசை துடித்தது. அப்புறம் சிரித்துவிட்டார்.

"கேட்டியா அப்பாவு, எங்க வீட்டுல கார் ஓட்டறாங்கய்யா."

கற்றுக்கொள்ளும்போது இதெல்லாம் சகஜம் என்றார். ஒரு ஹேண்ட் பிரேக்கை மறந்தது என்ன கொலைக் குற்றமா என்று, யாரும் கேட்காமலே கேட்டார். நீட்டின சாவியை நீயே வை என்று முனியன் பக்கம் தள்ளினார். முனியன் விட்ட மூச்சில் ஒரு டியூபுக்குக் காற்று அடித்திருக்கலாம்.

அப்பாவுவும் தெம்பாக எழுந்தார். டிரம்மை மூடி, கையால் சுற்றி, உரசுகிற வரை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தினார். இனி பிரேக் ஆயில் குழாயில் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும். உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்தால், சக்கரத்தண்டையில் இவர் திருகைத் திறப்பார். காற்று ஒரு டியூப் வழியே, கீழே வைத்த ஆயில் பாட்டிலுக்குக் குமிழ் குமிழாக வரும். முனியன் வழக்கம்போல் டிரைவர் சீட்டுக்குப் போனார்.

"நீ இருப்பா. அவங்களே மிதிக்கட்டும். வரலட்சுமி, ஏறு," என்றார் ரகுநாதன். சொல்லிவிட்டு, எல்லோருக்கும் டீ சொல்ல எதிர்ப்பக்கம் போனார். "பாருங்கய்யா, டிரைவர் சீட்டுல உக்காந்திருக்காங்க பாருங்க" என்று அவர் குரல் ரோட்டைத் தாண்டி வந்தது.

வரலட்சுமியம்மாள் புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறினார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மிதிங்கம்மா," என்றார் பின்சக்கரத்தருகே அப்பாவு.

மிதித்தார். பாட்டிலில் ஒரு குமிழும் வரவில்லை.

"இன்னொரு தபா."

பலமாகவே மிதித்தார். வரவில்லை.

அப்பாவு எழுந்து, ஏதோ ஸ்பானரைத் தேடுகிறவர் மாதிரி முன்கதவுக்கு வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். குரலை இறக்கிச் சொன்னார்.

"அம்மா, அது கிளட்ச்சு. பிரேக்கு நடுவுல கீது. சார் வர்றதுக்குள்ள காலை மாத்திக்கோங்க."