பத்து விரலிலும் ஒரே கோடு

காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை என் நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அங்கேயே நில்லுங்கள் என்றார் ஷண்முகப்ரியா மேடம்.

தி.நகரில் ஒரு மாடியில் இருக்கும் நக அலங்கார சலூனின் சொந்தக்காரர். கொரோனாவுக்கு முன்னால் வெறும் மேடம்தான். ஏழு மாதம் கழித்து வந்து பார்த்தால் கழுத்தில் அட்டை தொங்குகிறது: சுகாதாரப் பாதுகாப்பு இயக்குநர்.

அந்த இயக்ககத்தில் வருகிறவர்களுக்கு மொத்தம் இரண்டு நாற்காலி. ஒன்றில் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

என் செருப்புக்கு ஸ்ப்ரே அடித்தார். பைக்கு அடித்தார். பையைத் திறந்து, உள்ளே இருந்த தயிர்சாத டப்பாவுக்கும் அடித்தார்.

அப்புறம் ஒரு படிவம். பெயர், போன், ஆதார் எண். கடைசியில் ஒரு கேள்வி: கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்குக் கொரோனா வந்ததா?

இல்லை என்று டிக் அடித்தேன்.

வந்தது. ஜூலையில். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு. இப்போது அக்டோபர். உன்னிடமிருந்து இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனால் டாக்டர் சொல்வதை யார் கேட்கிறார்கள்? நான் வேலை பார்க்கும் நகைக்கடையில், வளையல் கவுன்டர் வெங்கடேஷுக்கும் வந்தது. குணமாகித் திரும்பியவரை மேனேஜர் சால்வை போட்டு வரவேற்றார். கொரோனா வீரர் என்று போட்டோ எடுத்து மாட்டினார். மறுநாள் குடோனுக்கு மாற்றினார். அடுத்த வாரம் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். போட்டோ மட்டும் இன்னும் கடையில் இருக்கிறது.

அதனால், ஊருக்குப் போன இடத்தில் இ-பாஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன் என்று நான் கடையில் சொல்லியிருந்தேன். அந்த வருஷம் யாரும் சந்தேகப்படாத பொய் அது ஒன்றுதான்.

நான் மோதிர கவுன்டர். பத்தொன்பது வருஷமாக. மோதிரத்தை என் விரலில் போட்டுக் காட்டுவேன். எதிரில் இருப்பவர் அதைத் தன் விரலாக நினைத்துக்கொண்டு வாங்குவார். நகம் பளிச்சென்று இல்லாவிட்டால் வைரமும் கண்ணாடிக்கல்தான்.

தீபாவளிக்கு ஆட்களைத் திரும்பக் கூப்பிட்ட மேனேஜர், என் விரல்களைப் பார்த்து முகம் சுளித்தார். திங்கட்கிழமைக்குள் சரிபண்ணிக்கொண்டு வா, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். சலூன் மேடம் அவருடைய தங்கைக்குச் சிநேகிதி. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

பத்து நகத்திலும் குறுக்கே ஒரு பள்ளம். ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல. சத்துக் குறைவாக இருக்கும் என்று நானும் இரண்டு மாதமாகப் பேரீச்சம்பழம் தின்று பார்த்தேன்.

மெஹக் வந்து எதிரில் உட்கார்ந்தாள். நாலு வருஷமாக எனக்கு நகம் பார்க்கிற பெண். மாஸ்க்கும் கையுறையும் பிளாஸ்டிக் திரையுமாக, கண் மட்டும்தான் தெரிந்தது. நகம் தேய்க்கும் புது ஃபைலை என் கண் முன்னால் உறை பிரித்தாள். மேடம் ஏசியைக் கூட்டிவிட்டு நகர்ந்ததும், அதை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். இயக்ககத்தில் நடந்த உருப்படியான பாதுகாப்பு வேலை அந்த இரண்டும்தான்.

பிறகு என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு யாரும் என் கையை அப்படிப் பிடிக்கவில்லை. வீட்டில்கூட.

அவள் கட்டைவிரல் பள்ளத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தாள்.

"ஜூலையாக்கா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்; அவள் விடவில்லை. உடம்பு தாங்காத காய்ச்சல் வந்தால் நகம் கொஞ்ச நாள் வளராமல் நின்றுவிடுமாம். திரும்ப வளரும்போது, நின்ற இடம் கோடாகத் தெரியுமாம். கோடு ஏறியிருக்கிற உயரத்தை வைத்து மாதத்தைச் சொல்லிவிடலாமாம். ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அதற்குள் மேடம் வந்துவிட்டார். ஆறடி தள்ளி நின்று, கழுத்தை மட்டும் ஐந்தடிக்கு நீட்டி, அது என்ன எல்லா விரலிலும் கோடு, காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

பத்தொன்பது வருஷம் அந்தக் கேள்வியின் நுனியில் நின்றது.

"பழைய ஜெல் பாலிஷை வூட்லயே பிளேடு வெச்சி சுரண்டிக்கீறாங்க மேடம்," என்றாள் மெஹக், தலை நிமிராமல். "சலூன் மூடிக் கெடந்தா அவுங்கதான் இன்னா பண்ணுவாங்க?"

மேடத்துக்குப் பரம சந்தோஷம். பிளேடின் தீமைகள் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். சுவரில் இருந்த இருபத்தொரு விதிகளுக்குக் கீழே இருபத்திரண்டாவதாக அதையும் எழுதினார். நான் குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். திட்டு வாங்குவது இவ்வளவு இனிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மெஹக் என் இடது கையை முடித்தாள். பள்ளத்தை நிரப்பி, தேய்த்து, ரோஸ் நிறம் பூசி, விளக்கில் காயவைத்தாள். ஐந்து நகமும் சோழி மாதிரி மின்னின. திங்கட்கிழமை பிழைத்துவிட்டது.

நன்றி என்று சொல்லப் பார்த்தேன். எனக்காக ஏன் பொய் சொன்னாய் என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன்.

அவள் உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். வலது கையுறையைக் கழற்றினாள். பூச்சு இல்லாத அந்தக் கையை, இன்னும் பூச்சு ஏறாத என் வலது கைக்குப் பக்கத்தில், மேஜை விளக்குக்குக் கீழே வைத்தாள்.

ஐந்து நகத்திலும் கோடு. என்னுடையதைவிடக் கொஞ்சம் நுனிப்பக்கம்.

ஜூன்.