ஒப்பிட ஒரு தெரு

விஜயஸ்ரீ கும்பிட்ட கையோடு வாசற்படி ஏறியதுமே முத்துராணி கேட்டாள். "எந்தச் சின்னம் தாயி?"

"ஓட்டுக் கேக்க வரலக்கா. நாளைக்குக் காந்தி ஜெயந்தில்லா, கிராம சபைக் கூட்டம் இருக்கு. தவறாம வந்திருங்க."

"வாரேன், வாரேன்" என்றாள் முத்துராணி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விஜயஸ்ரீ அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட மாணவி. நேரில் போய் அழைத்தால் கிராம சபைக்கு ஆள் கூடுமா என்பதுதான் அவள் ஆய்வு. அவளுடைய திட்டத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுத்த பேராசிரியர் கோமதிசங்கர், இந்த முறைதான் தலையசைத்திருந்தார்.

"காசு சுண்டிப் பாத்து ஒரு தெருவ எடுத்துக்கம்மா. அங்க மட்டும் கூப்பிடு. இன்னொரு தெரு ஒப்பிட்டுப் பாக்கதுக்கு. அங்க நீ வாயே தொறக்கப்படாது. தொறந்தா ஆய்வே கெட்டுப்போவும்."

காசு வடக்குத் தெருவைச் சொன்னது. அதனால் திரும்பும் வழியில், தெற்குத் தெருக் குழாயடியில் யாரோ, "ஏ பிள்ள, வீடு வீடா என்ன விசேஷம்?" என்று கேட்டபோது அவள் சிரிக்கக்கூட இல்லை. செல்போனைக் காதில் ஒட்டிக்கொண்டு சீவலப்பேரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

மறுநாள் ஊராட்சி அலுவலக வாசலில் போட்ட நாற்காலிகள் போதவில்லை. ஜமுக்காளம் விரித்தும் இடம் பற்றாமல் பெண்கள் ரோடு வரைக்கும் நின்றார்கள்.

"நான் தலைவரானதுல இருந்து இம்புட்டுக் கூட்டம் பாத்ததில்ல" என்று துண்டால் வேர்வையைத் துடைத்தார் ஊராட்சித் தலைவர் ஐயம்பெருமாள்.

விஜயஸ்ரீக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், நெனச்சது பலிச்சிட்டு! நேர்ல போய்க் கூப்பிட்டா வருதாங்க சார்!"

"சபாஷ்! எதுக்கும் எந்தத் தெருன்னு ஒரு வார்த்த கேட்டுக்க."

முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றிருந்த பெண்ணிடம் போனாள். "அக்கா, நீங்க வடக்குத் தெருதான?"

"அவுகள்ல ஒருத்தரையும் காணும். நாங்க தெற்குத் தெரு." அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கள மட்டும் ஏம்ட்டி கூப்பிடல?"