வாத்து மேய்த்தவரின் வகுப்பு

ஜீயபுரத்து வயல்களில் வாத்து மேய்த்து வளர்ந்த மதுரைவீரன், இப்போது கம்பெனி அதிகாரிகளுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்துகிறார். என் கம்பெனியிலிருந்து நான் பயிற்சிக்கு அனுப்பிய மேனேஜர்கள் இரண்டு பேரும் திரும்பி வந்ததும் ராஜினாமா கொடுத்துவிட்டு, அவரிடமே வேலைக்குப் போய்விட்டார்கள்.

"என் ஆளுங்களைக் கிளப்பிட்டுப் போறான். இந்தத் தடவை நானே போய்க் கையும் களவுமா பிடிக்கிறேன்," என்றேன் மனைவி லூர்துராணியிடம்.

வகுப்பு திருவானைக்காவலில் நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். அவர் யாரையும் தனியே அழைக்கவில்லை. இடைவேளையில் எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், பாத்ரூமுக்குமா கூட வரீங்க?"

"சும்மாதாங்க. அத்தனை வாத்தையும் எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கொக்கி போட்டேன்.

"நான் எங்கங்க கூட்டிட்டுப் போனேன்? பின்னாடிதான் நடப்பேன். முன்னாடி போற வாத்து, தானே வழி கண்டுபிடிச்சதா நினைச்சுக்கும்."

இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. வகுப்பு முடியும்வரை இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"பிடிச்சீங்களா?" என்றாள் லூர்துராணி.

"சேச்சே, தங்கமான மனுஷன். யாரையும் வான்னு ஒரு வார்த்தை கூப்பிடலை."

"அப்பாடா!"

"நாளையிலேர்ந்து கம்பெனியை நீ பாத்துக்க. நான் அவர்கிட்ட வேலைக்குச் சேரப் போறேன். யாரும் சொல்லலை, நானாத்தான் முடிவு பண்ணேன்."