ஜெனிட்டாவின் பயிற்சிக் காதலன்

மிரட்டும் காதலுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று பழக, பள்ளியில் சுகாதாரப் பாடத்துக்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் போனில் ஒரு பயிற்சிக் காதலனையோ காதலியையோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆள் கிடையாது, கணினி பேசும் வெறும் குரல்தான். ஜெனிட்டாவுக்கு வந்தவன் முதலில் இனிக்க இனிக்கப் பேசினான். பிறகு அதட்ட ஆரம்பித்தான்.

"என்மேல பிரியம் இருந்தா பாஸ்வேர்டைச் சொல்லு."

"பிரியம் இருக்கு. பாஸ்வேர்டு சொல்ல மாட்டேன். மிரட்டுனா வச்சிருவேன்," என்றாள் ஜெனிட்டா, முறுக்கைக் கடித்தபடி.

"நன்றாகச் சொன்னாய்," என்று குரல் சட்டென்று வாத்தியாராகிவிட்டது. டீ போட்டுக்கொண்டிருந்த அக்கா ரோஸ்லின் சிரித்துவிட்டாள். அவள் கல்லூரியில் படிக்கிறாள்.

அப்போது ரோஸ்லினின் போன் அடித்தது. அவள் விரும்பும் ஆன்டன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"யார்கூட இருக்க? உடனே போட்டோ அனுப்பு. இல்லன்னா உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்."

ஜெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். "காலேஜ்லயும் இந்தப் பாடம் உண்டாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இல்லை என்று ரோஸ்லின் தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது. ஜெனிட்டா எழுந்து வந்து அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சிகூட இருக்கேன். போட்டோ அனுப்ப மாட்டேன். இனிமே கூப்பிடாத," என்றாள் ரோஸ்லின். ஆன்டன் கத்தத் தொடங்கியதும் போனை வைத்துவிட்டாள்.

"அடுத்து என்னடி செய்யணும்?"

"பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லணும். அம்மாகிட்ட சொல்லுவோம். நான் உன் பக்கத்துலயே இருக்கேன்."

ரோஸ்லின் அடுப்பை அணைத்தாள். அம்மா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கையை விடாமலே இருவரும் படியேறினார்கள்.