இருநூறு கிராம்

“நாப்பத்தஞ்சு கிலோ முந்நூறு கிராம்.”

அப்பா குனிந்து எடை மெஷினின் முள்ளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டார். மெஷின் மேல் நின்ற மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏங்க, ஒரு இருநூறு கிராம் கூட்டி, நாப்பத்தஞ்சரைன்னு சொன்னா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்? ராத்திரி பகலா குடிக்கறா. அவ மனசு கொஞ்சம் நிறையுமில்ல?”

“ஒரு கிராம்கூடக் கூட்ட மாட்டேன். எடைன்னா எடை.”

அவர் அப்படித்தான். எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய், தராசைக் கவிழ்த்துப் பார்த்து, குறைத்துப் போடுகிறவர்களைப் பிடிப்பது உத்தியோகம். சந்தையில் அவருக்கு ‘கிராம் சார்’ என்று பெயர். தலை தெரிந்தால் பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கும்.

அந்தக் கறாரைப் பெற்ற பெண்ணிடமும் காட்ட வேண்டுமா என்பதுதான் அம்மாவின் ஆத்திரம்.

மகளுக்குத் தாடை ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். கோணலாக இருந்த தாடையை நேராக்கி, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் வாய் திறக்காது. எதுவானாலும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்து ஓரமாக உள்ளே விட வேண்டும். ஒரு டம்ளர் போக முக்கால் மணி நேரம் ஆகும். அதிலும் பாதி மோவாயில் வழியும்.

முதல் பத்து நாளில் ஐம்பத்தொன்றிலிருந்து நாற்பத்தேழரைக்கு இறங்கிவிட்டாள். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“நாப்பத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா அட்மிட் பண்ணி, மூக்கு வழியா டியூப் போட்டுடுவேன்.”

டியூப் என்றதும் மகள் நடுங்கிப்போனாள். ஆனால் வீட்டுக்கு வந்த மறுநாளே பயம் தெளிந்துவிட்டது. ஆபீஸ் தோழிகள் வீடியோ காலில் வந்து, “அடியே, என்னமா இளைச்சிட்டே! எங்களுக்கும் அந்த டாக்டர் நம்பரைக் குடுடீ” என்று ஏற்றிவிட்டதுதான் காரணம்.

“போதும்மா. இன்னும் ரெண்டரை கிலோ இருக்கே” என்பாள், பல்லைக் கடித்தபடி. வேறு மாதிரி பேசவும் அவளால் முடியாது. டம்ளர் ஆறி ஏடு கட்டிக் கிடக்கும்.

அம்மா கெஞ்சினாள், திட்டினாள், ஒரு நாள் டம்ளரோடு உட்கார்ந்து அழுதும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்படி ஒரு வாரம் ஓடியதும்தான் அப்பா இந்த இரும்பு மெஷினை வாங்கி வந்தார்.

“உத்தேசமாப் பேசறது எனக்குப் பிடிக்காது. ஏறி நில்லு. நானே சோதிச்சு முத்திரை குத்தினது.”

நாற்பத்தைந்தும் இருநூறு கிராமும் காட்டியது.

“ஒரே வாரத்துல ரெண்டு கிலோவுக்கு மேலயா!” அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். மகள் நேரே போய், ஆறிப்போன டம்ளரை எடுத்தாள்.

அன்றிலிருந்து மிக்ஸிக்கு ஓய்வே இல்லை. உருளைக்கிழங்கும் வெண்ணெயும், வாழைப்பழமும் நிலக்கடலையும் என்று எதைக் கொடுத்தாலும் மகள் அலாரம் வைத்துக்கொண்டு குடித்தாள். முள் மட்டும் மகா கஞ்சத்தனமாக நகர்ந்தது. முந்நூறு ஆகும், மறுநாள் இருநூற்றைம்பதுக்கு இறங்கும்.

ஐந்தாம் வாரம் அம்மா அவர் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கினாள்.

“சந்தையில திருட்டுத் தராசு வச்சிருக்கறவன்கூட, தன் பொண்ணு அழுதா கொஞ்சம் கூட்டிச் சொல்லுவான். நீங்கள்லாம் மனுஷன்தானா?”

“அடுத்த டம்ளர் எங்க?” என்றார் அவர்.

அதற்குப் பிறகு அம்மா அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

ஆறாம் வாரம் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா கம்பிகளை வெட்டி எடுத்துவிட்டு, மகளை அங்கிருந்த மெஷினில் ஏற்றினார்.

“நாப்பத்தெட்டரை! பிரமாதம். இந்தக் கட்டோட எடை கூடி வர்றவங்க ரொம்பக் குறைச்சல்.”

“நாப்பத்தெட்டரையா?” அம்மா எட்டிப் பார்த்தாள். “காலைல வீட்டுல நாப்பத்தாறரைதானே டாக்டர் இருந்தா?”

“அப்ப உங்க வீட்டு மெஷின் ரெண்டு கிலோ குறைச்சுக் காட்டுது. முதல்ல அதைத் தூக்கிப் போடுங்க.” அடுத்த நோயாளியைப் பார்க்க அவர் போய்விட்டார்.

“அதெப்படி? அது இவரே முத்திரை குத்தின...”

அம்மா முடிக்கவில்லை. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா, சுவரில் மாட்டியிருந்த பல் படத்தை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மகள் வாயைத் திறந்தாள். ஒரு விரல் அளவுதான் திறந்தது.

“அப்பா... அத்தனையும் பொய்யா?”

“நிஜத்தைச் சொல்லியிருந்தா நீ டம்ளரைத் தொட்டிருப்பியா?” என்றார் அவர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. “முப்பது வருஷமா குறைச்சுக் காட்டற தராசையெல்லாம் பிடிச்சிருக்கேன். எந்தத் திருகாணியைத் திருகினா குறையும்னு எனக்குத் தெரியாதா?”