துணைக்கு வந்தவர்

“ஒரு வாரத்துக்குக் குடுத்த மாத்திரை நாலே நாள்ல தீர்ந்துபோச்சு. மறுபடியும் மொத்தமா முழுங்கித் தொலைச்சிருக்கான், டாக்டர்!”

அண்ணன் பொரிந்து தள்ளினார். குடியை விட்டு ஏழு மாதமான தம்பிக்கு மனப்பதற்றமும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து வாரம் ஒருமுறை இங்கே வைத்தியம். துணைக்கு ஆள் வராவிட்டால் மாத்திரை தரமாட்டார்கள். அதனால் வாராவாரம் லீவு போட்டு, மேலதிகாரியிடம் பேச்சு வாங்கி, ஓடாய்த் தேய்ந்துவிட்டார் அண்ணன்.

“அப்படியா?” என்று டாக்டர் தம்பியைக் கேட்டார்.

“ஆமா டாக்டர், நான்தான்,” என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

“பாத்தீங்களா? வாய் கூசாம சொல்றான். பீரோவுல வச்சுப் பூட்டியும் இந்த லட்சணம்! நான் ஒருத்தன் எத்தனைதான் காவல் காக்கறது?”

டாக்டர் பரிசோதனைத் தாளை இரண்டு முறை பார்த்தார்.

“இவர் சிறுநீர்ல அந்த மருந்து துளிகூட இல்லையே. ஒரு மாத்திரைகூட இவர் வயித்துக்குள்ள போகல. பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?”

அண்ணனின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது.

“தூக்கமே வர்றதில்ல டாக்டர்... முதல்ல பாதிதான் போட்டேன்...”

டாக்டர் புதுக் கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்தார். “உங்க வயசு?” என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் பீரோ சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். தம்பிதான் தலை நிமிர்ந்தான்.

“நாப்பத்திரண்டு, டாக்டர். துணைக்கு நான் வர்றேன்.”