கழுத்தில் அட்டை

குளித்துவிட்டு வந்ததும், பொட்டுக்கூட வைக்காமல், அவள் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஆபீஸ் அட்டை. நீல நாடா. சேர்ந்த புதிதில் எடுத்த, சிரிக்கத் தெரியாத ஒரு போட்டோ.

இன்று வெள்ளிக்கிழமை. அவளுக்கு ஆபீஸ் கிடையாது.

லேப்டாப் பைக்குள் கிடந்தது. அவள் அதன் பக்கமே போகவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய மாதுளையை எடுத்தாள். தட்டையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நாற்காலியை நிழல் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு காதை வீட்டுப் பக்கமே வைத்திருந்தாள். பயம்தான். இல்லை என்றால் பொய்.

அந்த வீட்டில் அட்டைக்கு ஒரு சட்டம் உண்டு.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்ன புதிதில், அவள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் வந்து தலை பின்னிவிடச் சொல்வாள். கணவன் சாக்ஸ் எங்கே என்பான். மாமியார் மாவு பொங்கி வழிகிறது என்பார். பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் அட்டையை மாட்டிக்கொண்டு ஹாலில் வந்து நின்றாள். இது கழுத்தில் இருந்தால் நான் இந்த வீட்டில் இல்லை, ஆபீஸில் இருக்கிறேன் என்றாள். வாசலில் செக்யூரிட்டி போடவில்லையா என்று கணவன் கிண்டலடித்தான். ஆனாலும் சட்டம் நிலைத்துவிட்டது. அவள் வாய்க்கு அடங்காதவர்கள் ஒரு பிளாஸ்டிக் அட்டைக்கு அடங்கிப் போனார்கள்.

போன வாரம் கம்பெனி இன்னொன்று சொன்னது. தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பார்த்தால், நான்கே நாளில் வாரம் முடிந்துவிடும். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அவள் கேட்டு வாங்கினாள்.

நான்கு நாளும் கண் எரிய எரிய வேலை பார்த்தாள். நேற்று லேப்டாப்பை மூடியபோது விரல்கள் மடங்க மறுத்தன.

அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் வெள்ளிக்கிழமை மேல் இருந்தது.

அது வந்து சேரும் முன்பே பங்கு போட்டு முடித்துவிட்டார்கள். காலையில் வீட்டைக் கழுவிவிட்டுவிடலாம் என்றார் மாமியார். மதிய ஷிப்டுக்குப் போகிற கணவன், இனி வெள்ளிக்கிழமையாவது வடை பாயசத்தோடு சாப்பிடலாம் என்றான். ஈரோட்டிலிருக்கும் நாத்தனாருக்கு யார் சொன்னார்களோ, அங்கிருந்தே போன் வந்தது. இங்கே ஒப்பணக்காரத் தெருவில் தைக்கக் கொடுத்த பிளவுஸைப் போய் வாங்கி வைக்க வேண்டுமாம். நீங்கள் சும்மாதானே இருப்பீர்கள், அண்ணி.

சும்மா. அந்தச் சொல்தான் அவளுக்கு இரவெல்லாம் உறுத்தியது.

அவள் மாதுளையைப் பிளந்தாள்.

மாதுளை உரிப்பது இந்த வீட்டில் அவள் வேலை. உரித்து, உதிர்த்து, டப்பாவில் போட்டு, மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கும் கணவனுக்கு மில்லுக்கும் கொடுத்தனுப்புவாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு மிஞ்சியது விரல் நுனியில் ஏறும் கறை மட்டும்.

இன்று ஒவ்வொரு முத்தாக எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நல்ல பழம். தித்தித்தது.

தோளில் துண்டோடு கணவன் வந்து நின்றான்.

"லேப்டாப்பே இல்ல, அப்புறம் எதுக்கு அட்டை? இன்னிக்கு உனக்கு லீவுதானே?"

அவள் திரும்பாமல் அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

அவன் நகரவில்லை.

அதனால் திரும்பினாள்.

"நாலு நாளா இந்த ஒரு நாளுக்குத்தான் வேல பாத்தேன். இதுல யாருக்கும் பங்கு கெடையாது."

குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான், அட்டையைப் பார்த்தான், உள்ளே போய்விட்டான். சமையலறையில் ஒரு பாத்திரம் உருண்டது. இன்னும் இரண்டு உருளட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் அந்த நடை கேட்டது. முட்டி வலிக்காரரின் நடை, ஒரு காலை இழுத்து இழுத்து.

அவள் பயந்தது இதற்குத்தான். கணவனிடம் ஒரு பேச்சுப் பேசிவிடலாம். மாமியாரிடம் இதுவரை ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

மாமியார் கையில் வீடு கழுவும் வாளி இருந்தது. பால்கனிக் கதவருகே அதைக் கீழே வைத்தார். உரித்த பழத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் கண்ணு?"

"பொழுது சாயற வரைக்குமுங்க அத்தை."

சொல்லிவிட்டு, வருவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

மாமியார் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கையை நீட்டினார்.

அவள் பழத்தட்டை நீட்டினாள்.

மாமியார் வேண்டாம் என்று தலையசைத்தார். நீட்டிய கை அவள் கழுத்துக்கு நேராகவே நின்றது.

"அதைக் கொஞ்ச நேரம் எனக்குக் குடுக்கறயா?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து, அட்டையைக் கழற்றி, நரைத்த கொண்டை கலையாமல் மாமியார் கழுத்தில் மாட்டிவிட்டாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

உள்ளேயிருந்து கணவன் கூப்பிட்டான். பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டான்.

மாமியார் திரும்பவில்லை. அட்டையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

அடுத்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

அவள் கழுத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

தட்டிலிருந்து இன்னொரு முத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.